யாரும் கேட்காத கேள்வி

இந்த ஊர் நாளைக்கு எங்கே போகப்போகிறது என்பது எனக்கு இன்றைக்கே தெரிந்துவிடும். ஜோசியம் எல்லாம் இல்லை, என் பிழைப்பே அதுதான்.

தில்லைநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். திருச்சியைப் பற்றி ஒரு இணையதளம் நடத்துகிறோம். முதலாளி நடத்துகிறார், நான் எழுதுகிறேன். எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், உறையூரிலிருந்து எந்த பஸ், கே.கே. நகரில் எங்கே பிரியாணி நன்றாக இருக்கும் என்று ஊர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் தளம். பதிலைப் படிக்க வருகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் விளம்பரத்தையும் பார்ப்பார்கள். எங்கள் சம்பளம் அங்கிருந்து வருகிறது.

காலையில் வந்ததும் முதலாளி ஃபோனில் ரீல்ஸ் பார்ப்பார். வேறு ஆபீஸில் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், இங்கே அதுதான் முதல் வேலை. காலையில் ஒரு ரீல் ஓட ஆரம்பித்தால், மத்தியானத்துக்குள் அதைப் பற்றித் தேடல் ஆரம்பித்துவிடும். எந்தச் சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அதே சொற்களைத் தலைப்பாக வைத்து, சாயங்காலத்துக்குள் நான் ஒரு பக்கம் எழுதி ஏற்ற வேண்டும்.

"மேடம், உங்களுக்குத் தோணுறத எழுதாதீங்க. ஜனங்க கேக்குறத எழுதுங்க" என்பார் முதலாளி. அவர் என்னைவிடப் பல வருஷம் இளையவர். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அந்த சாரில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது.

எங்கள் தளத்தின் உச்சியில் ஒரு தேடல் பெட்டி உண்டு. அதில் யார் எதைத் தட்டினாலும் என் திரையின் ஓரத்தில் ஒரு வரியாக வந்து விழும். கேட்டவர் யார், எங்கே இருக்கிறார் என்று எதுவும் தெரியாது, கேள்வி மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழுவதுபோல அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். பல நாள் நான் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ரீல் கிளம்பியது. கொள்ளிடத்தின் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் வேரோடு சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய மரம். மாலை வெயிலில் ஒரு பெண் அந்த மரத்தின் மேல் ஏறி நின்று திரும்பிப் பார்க்கிறாள், துப்பட்டா பறக்கிறது. அவ்வளவுதான். இடம் எது என்று போடவில்லை. போடாமல் விடுவது மறதி இல்லை, அது ஒரு தந்திரம். எங்கே எங்கே என்று ஆளாளுக்குக் கீழே கேட்பார்கள். கேட்கக் கேட்க ரீல் இன்னும் மேலே போகும்.

நான் ஸ்ரீரங்கத்தில் வடக்குப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பார்த்த மாத்திரத்தில் இடம் தெரிந்துவிட்டது.

கொள்ளிடத்தை வெளியூர்க்காரர்கள் மணல் என்று நினைப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் அது மணல்தான். ஆடி பிறந்து, காவிரியில் தாங்காத தண்ணீர் வந்தால் மேலே முக்கொம்பு அணையில் மதகைத் தூக்கிக் கொள்ளிடத்தில் விட்டுவிடுவார்கள். வருகிற தண்ணீர் அலையடித்துக்கொண்டு எதிரே வந்து சொல்லிவிட்டு வராது. நடுத்திட்டு மேடு, கரையோரம் பள்ளம். முதலில் கரையோரப் பள்ளம்தான் சத்தமில்லாமல் நிறையும். திட்டின் மேல் நிற்கிறவர் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். அவர் திரும்பிப் போக வேண்டிய வழி முதுகுக்குப் பின்னால் மூடியிருக்கும். எங்கள் தெருவில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அடி வாங்கியே தெரிந்துகொண்டோம்.

பெட்டியில் கேள்விகள் வர ஆரம்பித்தன. கொள்ளிடம் சாய்ந்த மரம் எங்கே இருக்கு. எப்படிப் போறது. கார் போகுமா. டிக்கெட் உண்டா. போட்டோ எடுக்க எந்த நேரம் நல்லா இருக்கும். ஆடி பதினெட்டு அன்னிக்குக் கூட்டம் இருக்குமா. நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட ஆழம் எவ்வளவு என்று கேட்கவில்லை. தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. அந்த ரீலில் தண்ணீரே இல்லையே, எப்படிக் கேட்பார்கள்!

அன்று சாயங்காலம், 'ஆடியில் கொள்ளிடத்தில் இறங்காதீர்கள்' என்று ஒரு பக்கம் எழுதி ஏற்றினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். எங்கள் ஆபீஸ்காரர்கள்கூட அதைப் படிக்கவில்லை.

முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மேடம், நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா இறங்கக்கூடாதான்னு யாரு தேடுறா? யாரும் தேடாதத எழுதி வெச்சா அது யாரு கண்ணுல படும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். ஆபத்து தெரிந்தவன் அதைப் பற்றித் தேட மாட்டான், தெரியாதவனுக்குத் தேடத் தோன்றாது. எச்சரிக்கைக்கு இந்த ஊரில் வாடிக்கையாளரே கிடையாது.

சரி, அவர்கள் வழியிலேயே போவோம் என்று முடிவு செய்தேன். 'கொள்ளிடம் சாய்ந்த மரம்: எப்படிப் போவது, போட்டோவுக்குச் சிறந்த நேரம் எது?' என்று தலைப்பு வைத்தேன். ஆசையைத் தலைப்பில் வைத்துப் பயத்தை உள்ளே வைத்தேன். முதல் வரியே, 'ஆடி, ஆவணியில் இந்த மணலில் கால் வைக்கவே வைக்காதீர்கள்' என்பதுதான். பள்ளம் எப்படி நிறையும் என்று அடுத்த பத்தி. அதற்கும் கீழே, தேடுகிறவர்கள் கேட்டதற்குப் பதில் இருந்தால்தான் பக்கம் மேலே வரும் என்பதால், 'கோடையில் ஆறு வறண்டிருக்கும்போது போவதானால், தென்கரைப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். சூரியன் சாயும் நேரமே சிறந்தது' என்று எழுதினேன்.

இரண்டே நாளில் அந்தப் பக்கம் தேடலில் முதலிடத்துக்கு வந்தது. முதலாளி ஆபீஸுக்கே பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டோம் என்ற நிம்மதி.

இந்த இடத்தில் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைகாசியில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குத் திருவெறும்பூரில் ஃபேக்டரி வேலை, நல்ல மனிதர், அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எங்கள் பக்கத்தில் கல்யாண மாலையைக் குப்பையில் போட மாட்டோம். காய்ந்தாலும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்து, ஆடிப்பெருக்கு அன்றைக்குப் புதுத் தம்பதி கொண்டுபோய் ஆற்றில் விடவேண்டும். பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தாலிக்கயிறு மாற்றுவார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போவோம். நெருக்கித் தள்ளும், முழங்கை இடிக்கும், எவளோ ஒருத்தியின் ஈரப் புடவை நம் மேல் படும். ஆனாலும் அங்கே படி உண்டு, தடுப்புக் கட்டை உண்டு, விசில் ஊதப் போலீஸ் உண்டு.

அம்மா வழக்கம்போலத் தேங்காய் சாதமும் புளியோதரையும் கிளறி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தங்கை காலையில் வந்து கயிறு மாற்றிக்கொண்டாள். மாலையை மட்டும் விடவில்லை. "அங்க ஒரே கூட்டம்மா. சாயங்காலம் வேற எடத்துல விட்டுக்குறோம். போட்டோகிராபர் அண்ணனும் வராரு" என்றாளாம். கல்யாண ஆல்பத்துக்கு அதுதான் கடைசிப் படம். அம்மா அதை என்னிடம் ஃபோனில் சொன்னபோது எனக்கு ஆபீஸில் வேலை தலைக்கு மேல் இருந்தது. காவிரியில் எந்தப் படித்துறை திறந்திருக்கிறது, எந்த ரோடு அடைத்திருக்கிறது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எந்த இடம் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை.

பிற்பகலில் ஏதோ தோன்றி, எங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க என் ஃபோனில் நானே அந்தக் கேள்வியைத் தேடினேன். இப்போதெல்லாம் தேடினால் பக்கங்களின் வரிசை வருவதற்கு முன்பே, மேலே ஒரு கட்டத்தில் பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. முக்கால்வாசிப் பேர் அதற்குக் கீழே போவதில்லை. அந்தக் கட்டத்தில் இருந்தது இதுதான்: 'தென்கரைப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். சூரியன் சாயும் நேரமே சிறந்தது.'

என் வாக்கியம். அதற்கு முன்னால் இருந்த கோடையும் இல்லை, ஆடியும் இல்லை, பள்ளமும் இல்லை. கேட்டது எப்படிப் போவது, எந்த நேரம் என்று. கேட்டதற்கு மட்டும் பதிலைக் கத்தரித்து எடுத்திருந்தது. கேட்காததை விட்டுவிட்டது. எங்கள் முதலாளியின் பாடத்தை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தது அந்த இயந்திரம்.

பக்கத்தைத் திறந்து அந்த வரியை அழித்தேன். அழித்துவிட்டுத் தேடினால் அதே பதில். அது எப்போது மாறும் என்பது எங்கள் கையில் இல்லை. அந்த நேரத்தில்தான் திரையின் ஓரத்தில் ஒரு வரி விழுந்தது.

'கொள்ளிடம் மரம் தண்ணி ஏறுதா.'

இத்தனை நாளும் யாரும் கேட்காத கேள்வி. முதல் ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, பரவாயில்லை, ஒருவராவது கேட்கிறார் என்று. பிறகுதான் அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன். தண்ணி வருமா என்று இல்லை, ஏறுதா என்று இருந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர் அங்கே நிற்கிறார்.

வேறு இடம் என்று அம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. தங்கைக்கு ஃபோன் அடித்தேன். நீண்ட நேரம் கழித்து எடுத்தாள். காற்றுச் சத்தம்.

"எங்கடி இருக்க?"

"மரத்துகிட்டக்கா. செம்மயா இருக்கு எடம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் சாயட்டும்னு வெயிட் பண்றோம்."

"உடனே கரைக்கு வா. இப்பவே வா."

"ஐயோ, ஏன்க்கா எப்பப் பாரு பயமுறுத்தற? நாங்க என்ன பாக்காமயா வந்தோம்? ஃபோன்லயே போட்டிருக்கு, சூரியன் சாயுற நேரம்தான் நல்லதுன்னு."

"அத எழுதுனதே நான்தான்டி!"

"நீ எழுதுனதா? அப்புறம் என்ன?" என்று சிரித்தாள். லைன் கட்டானது.

மறுபடி அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்தத் திட்டில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காவிரிப் பாலத்தைக் கடப்பது எப்படி என்று திருச்சிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பாலத்தில் வண்டி நகரவில்லை. கீழே காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்துக் கைகூப்பினார்கள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. இங்கே இவ்வளவு தண்ணீர் என்றால் மீதி எங்கே போகும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற கார்க்காரரை நான் திட்டிய திட்டு எங்கள் வீட்டில் யாரும் பேசாத பேச்சு.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை கரைமேல் நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை இடுப்புவரை நனைந்து சேறாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு காலில் செருப்பு இல்லை. போட்டோகிராபர் கேமரா பையைத் தலையில் வைத்தபடி அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தார். திட்டில் இன்னும் சிலர் மாட்டியிருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். மரம் தண்ணீருக்கு நடுவில் கிடந்தது.

அவளை ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டும் அந்த வரிசையில்தான் நடந்தது.

"எப்படிடி வெளிய வந்த?"

"உன்கூடச் சண்டை போடத்தான்க்கா" என்றாள். "லைன் கட்டாயிடுச்சு. இவ்ளோ நல்ல நாள்ல நீ எப்படி இப்படிப் பேசலாம்னு கோவம். சிக்னல் தேடிக் கரைப்பக்கம் நடந்து வந்தேன். வந்தா பள்ளத்துல தண்ணி நிக்குது. போகும்போது அங்க தண்ணியே இல்ல. அவங்களக் கத்திக் கூப்பிட்டேன்."

மாலை அவள் கையிலேயே இருந்தது. அங்கே விட மனசில்லை. மறுநாள் அம்மாவோடு அம்மா மண்டபத்தில் கொண்டுபோய் விட்டாள். நான் கூடவே நின்று, கடைசிப் பூ கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போட்டோகிராபர் அந்தக் கடைசி நேரத்துக் காட்சியை ஒரு ரீலாகப் போட்டுவிட்டார். கையில் மாலையோடு என் தங்கை மரத்தின் பக்கத்தில் நிற்கிறாள், பின்னால் தண்ணீர் தங்கமாக மின்னுகிறது. பின்னணியில் ஒரு பாட்டு. அந்தப் பளபளப்பைப் பார்த்தால் எனக்குக் குலை நடுங்கும், ஊருக்கு அது அழகு. தங்கை அவரைக் கூப்பிட்டு, "எடுத்துடுங்கண்ணே" என்றாள். எடுத்தார். அதற்குள் எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே பெட்டியில் விழ ஆரம்பித்தது. மாலை வெச்சிருக்கிற பொண்ணு நிக்கிற எடம் எங்கே. அந்த மரம் எங்கே. எப்படிப் போறது.

"மேடம், அது உங்க சிஸ்டராமே!" என்றார் முதலாளி. "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே அனுபவத்தோட எழுதுனா..." என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார். பழைய பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன். எடுக்கவிட்டார். அந்த அளவுக்கு மனுஷர்தான். பிறகு தயக்கத்தோடு தன் ஃபோனைக் காட்டினார். தேடலின் மேல்கட்டத்தில் அதே வாக்கியம், 'சூரியன் சாயும் நேரமே சிறந்தது'. இப்போது வேறொரு தளத்தின் பெயரில் இருந்தது. எங்களைப் பார்த்து எழுதியவர்கள். அவர்களைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

ஒருநாள் தங்கையிடம், நான் எடுத்து வைத்திருந்த பழைய பக்கத்தின் நகலைக் காட்டினேன். முழுதாகப் படித்தாள்.

"இத ஏன்க்கா மொதல்லயே சொல்லல?"

"மொத வரியே அதுதான்டி."

"அப்ப நான் பாக்கறப்ப அது எங்க போச்சு?" என்று கேட்டாள். கத்தரித்து எடுத்துப்போன இயந்திரத்துக்கு ஒரு முகம் இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம்.

இப்போது ஐப்பசி. மழை ஆரம்பித்துவிட்டது. ஆபீஸில் நான் உட்காரும் விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கவனிக்காத அந்த ஓரத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மத்தியானம் சாப்பிடப் போனாலும் யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். முதலாளி கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் ஒரு மாலை. மேற்கே மேகம் கட்டி நின்றது. ஓரத்தில் ஒரு வரி விழுந்தது.

'மரம் தண்ணி ஏறுதா.'

கை தானாக ஃபோனை எடுத்துத் தங்கைக்கு அடித்தது. திருவெறும்பூரில் வீட்டில் இருந்தாள், குக்கர் விசில் கேட்டது. வைத்துவிட்டேன். அன்றைக்கு அடிக்க என்னிடம் ஒரு எண் இருந்தது. இன்றைக்கு யாருக்கு அடிப்பது?

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். "எத்தன பேரும்மா? யாருங்க?" என்றார்கள். தெரியாது என்றேன். "நீங்க எங்கேர்ந்து பாக்குறீங்க?" என்று கேட்டார்கள். தில்லைநகரிலிருந்து என்றேன். நல்லவர்கள், வண்டியை அனுப்பினார்கள்.

திரையில் அதே கேள்வி இன்னொரு முறை விழுந்தது. பிறகு விழவில்லை. அடுத்து விழுந்தது, கே.கே. நகரில் நல்ல பிரியாணி எங்கே என்று. அதற்கடுத்து, நாளைக்கு ஸ்கூல் லீவா.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஃபோன் வந்தது. பேசிய தீயணைப்புக்காரருக்கு மூச்சு வாங்கியது, ஆற்றுச் சத்தம் பின்னால் கேட்டது.

"தண்ணி நல்லா வந்துடுச்சும்மா. ஆள் யாரும் தெரியல. கரையில பைக் ஒண்ணு நிக்குது. யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"